யாழும் சன்னலும்

(வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் 22-ஆம் நாள் புனித செசிலியாவின் நினைவு நாள். இசைக்குப் பாதுகாவலி அவர். பாடகர் குழு உள்ள பங்குகளில் அன்று ஒரு கேக் வெட்டுவோம், பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்திக் கைதட்டுவோம். படங்களில் செசிலியாவின் கையில் ஓர் இசைக்கருவி இருக்கும். அவர் திருமணமானவர் என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். திருமண வீட்டில் கருவிகள் முழங்கிக்கொண்டிருந்தபோது அவர் தம் உள்ளத்தில் ஆண்டவருக்குப் பாடினார் என்று மரபு சொல்கிறது. அந்த வரலாறு அதோடு நிற்கவில்லை. அன்றிரவே தம் கணவர் வலேரியனிடம், தம் மனத்தில் இருப்பது இன்னதென்று ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். பாடியதை நினைவில் வைத்துக்கொண்டோம். கணவரோடு வாய் திறந்து பேசியதை விட்டுவிட்டோம். இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் சிந்திப்போம்.

நம் பங்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட கணவனும் மனைவியும் பெயர் சொல்லாமல் சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள்.

கணவர் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறவர். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடையும் வேலை. கை முழுக்க எண்ணெய். ஆனால் அந்தக் கை கிட்டாரைப் பிடித்தால் கோயிலே அமைதியாகிவிடும். சிறு வயதில் போத்தனூரில், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவரிடம் கற்றுக்கொண்டாராம். போத்தனூருக்கு ரயில் 1862-லேயே வந்துவிட்டது. ரயிலோடு வந்த குடும்பங்கள் கிட்டாரையும் கூடவே கொண்டுவந்தன. அந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளை அறிந்தவர்களுக்கு இது தெரியும். மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறார், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு.

ஒரு சனவரி மாதம் அந்த அம்மணி பங்கு அலுவலகத்துக்கு வந்தார். கையில் சுருட்டி வைத்த ஒரு நாட்காட்டி. நம் பங்கில் ஆண்டுதோறும் வீட்டுக்கு ஒன்று என்று கொடுக்கிறோமே, அதேதான். மேசையில் விரித்து டிசம்பர் மாதத் தாளைக் காட்டினார். திருவருகைக் காலம் தொடங்கி 24-ஆம் தேதி வரை 19 வட்டங்கள், நீலப் பேனாவால் போட்டவை.

"இதெல்லாம் அவரு ராத்திரி பத்து மணிக்கு மேல வூட்டுக்கு வந்த நாளுங்க சாமி," என்றார்.

அந்த 19 நாளில் ஒவ்வொரு நாளும் அவர் எங்கே இருந்தார் என்பது நமக்குத் தெரியும். கோயில் மண்டபத்தில் இருந்தார். கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி. கூப்பிட்டது நாம்.

நம் வாயில் முதலில் வந்த பதிலை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "ஆண்டவருக்காகத்தானே அம்மணி வாசிக்கிறாரு?" என்று கேட்டுவிட்டோம். பல ஆண்டுகளாகப் பலருக்கும் சொல்லிப் பழகிய பதில். அந்தப் பெண் கோபப்படவில்லை. "ஆண்டவரு எங்கூட்டுக்கும் வருவாருங்களா சாமி?" என்று கேட்டார்.

பிறகு மெதுவாக மற்றதெல்லாம் வந்தது. ஏலச்சீட்டு எடுத்த பணம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்தது. அதில் 11,000 ரூபாய்க்கு ஒரு புது கிட்டார் வந்துவிட்டது. அவர் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பில் இருந்தது. "கிட்டார் வாங்குனது எனக்கு வருத்தமில்லீங்க. எங்கிட்டச் சொல்லாம வாங்குனாரு பாருங்க, அதுதானுங்க." பிறகு இன்னொன்றும் சொன்னார்: "அவரு வாசிக்கறது எனக்குப் புடிக்குமுங்க சாமி. போத்தனூர்ல ஒரு கல்யாண வூட்டுல அவரு வாசிச்சதைக் கேட்டுத்தான் இவரைக் கட்டிக்கறேன்னு சொன்னேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். கிட்டாரை வெறுத்து வந்த பெண் அல்ல அவர். அந்த இசையைக் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தவர்.

சகோதர சகோதரிகளே, தாவீதும் மீக்காலும் என்ற கதையை இந்த இடத்தில் நாம் திரும்ப வாசிக்க வேண்டும். தாவீது யாழ் வாசிக்கிறவர். சவுலின் மனக் கலக்கத்தை அந்த யாழ்தான் தணித்தது என்று சாமுவேல் முதல் நூல் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. சவுலின் மகள் மீக்கால் தாவீதை நேசித்தார். இதை 18-ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. தாவீது மீக்காலை நேசித்ததாக எங்கும் எழுதப்படவில்லை. 19-ஆம் அதிகாரத்தில் தந்தை ஆள் அனுப்பித் தாவீதைக் கொல்லப் பார்த்தபோது, மீக்கால்தான் கணவரைச் சன்னல் வழியாக இறக்கித் தப்ப வைத்தார். பிறகு என்ன ஆயிற்று? தாவீது ஓடினார். மீக்காலைத் தந்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஆண்டுகள் கழித்துத் தாவீது அவரைத் திருப்பிக் கேட்டு வாங்கினார். அந்த இரண்டாம் கணவர் பல்தியேல் அழுதுகொண்டே பின்னால் நடந்து வந்தார். மீக்கால் அழுதாரா, சிரித்தாரா? யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் நமக்குத் தெரிந்த காட்சி வருகிறது. சாமுவேல் இரண்டாம் நூல், 6-ஆம் அதிகாரம். உடன்படிக்கைப் பேழை நகருக்குள் வருகிறது. யாழும் மேளமும் முழங்க, தாவீது தம்மை மறந்து ஆண்டவர் முன்னிலையில் ஆடுகிறார். மீக்கால் சன்னல் வழியாகப் பார்க்கிறார். மனத்துக்குள் இகழ்கிறார். ஒரு காலத்தில் கணவரை உயிரோடு இறக்கிவிட்டதும் ஒரு சன்னல் வழியாகத்தான்.

மீக்காலின் ஏளனம் சரியென்று மறைநூல் சொல்லவில்லை, நாமும் சொல்ல வரவில்லை. ஆனால் அதே அதிகாரத்தில் 18, 19 வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். தாவீது மக்கள் எல்லாருக்கும் ஆசி வழங்குகிறார். ஆண், பெண் என்று ஒருவர் விடாமல் எல்லாருக்கும் அப்பமும் திராட்சை அடையும் கொடுத்தனுப்புகிறார். எல்லாம் முடிந்த பிறகே தம் வீட்டாருக்கு ஆசி வழங்கத் திரும்புகிறார். அப்போது நேரம் என்னவோ! வாசலிலேயே சண்டை. மனைவி குத்திப் பேசுகிறார். கணவர் அதைவிடக் கடுமையாக, உன் தந்தையை விட்டுவிட்டு ஆண்டவர் என்னைத் தேர்ந்துகொண்டார் என்கிற பொருளில் பதில் சொல்கிறார். ஆண்டவரின் பெயரைச் சொல்லியே மனைவியின் வாயை அடைக்கிறார். நாம் அந்த அம்மணிக்குச் சொன்ன பதிலும் இதே சாதிதான்.

இந்தப் பகுதிக்கு எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஆடியவர் பக்கமே நின்று பேசினோம். சன்னலுக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

"அப்படியானால் ஆலயப் பணிக்கு வரக்கூடாதா?" என்று கேட்பீர்கள். வரவேண்டும். திருவழிபாட்டுக்குத் தகுந்த முறையில் அமைந்தால் மற்ற இசைக்கருவிகளையும் ஏற்கலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழி திறந்தது. கிட்டாரைக் கோயிலுக்குள் விடலாமா என்று இன்னும் முணுமுணுக்கிற பெரியவர்கள் சிலர் உண்டு. அது வேறு பேச்சு, இன்று வேண்டாம். நமக்கு இங்கே உதவி செய்கிறவர் புனித பவுல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 7-ஆம் அதிகாரம், 5-ஆம் வசனம். கணவனும் மனைவியும் ஒருவரை விட்டு ஒருவர் விலகியிருப்பதைப் பற்றிப் பேசுகிறார். எதற்காக விலகுவது? இறைவேண்டலுக்காக. அதைவிடப் புனிதமான காரணம் இருக்க முடியுமா? அதற்குமே பவுல் இரண்டு நிபந்தனை வைக்கிறார். இருவரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு கால அளவு இருக்க வேண்டும். முடிந்ததும் திரும்பச் சேர்ந்துவிட வேண்டும்.

செபத்துக்கே துணையின் சம்மதமும் நேர வரம்பும் தேவை என்றால், பாடல் பயிற்சிக்குத் தேவையில்லையா? பட்டறை முடிந்து வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து, தனக்காக மட்டும் ஒருவர் வாசிக்கிறாரே, அதற்குத் தேவையில்லையா?

தனக்காக வாசிப்பது தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நிற்கிற மனிதனுக்கு ஆறு தந்திகளோடு இருக்கும் அரை மணி நேரம் மருந்து போன்றது. "பாட்டு சோறு போடுமா?" என்று கேட்கிற மாமனார் மாமியார் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். போடாதுதான். கோவிலுக்குப் போவதும் சோறு போடாது, மாலையில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதும் சோறு போடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த அரை மணி நேரத்தை யார் தருகிறார்கள்? அவர் மாடியில் இருக்கும்போது கீழே பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பவர், அடுப்பைப் பார்ப்பவர், வாசலில் கூப்பிடுகிறவருக்குப் பதில் சொல்பவர் ஒருவர் இருக்கிறார். அந்த நேரம் அவருடைய கையில் இருந்து வருகிறது. கொடுப்பதைக் கேட்டு வாங்கினால் அது கொடை. கேட்காமல் எடுத்தால் அதற்கு வேறு பெயர் உண்டு.

நம் தமிழ் மண்ணிலேயே ஒரு குடும்பத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆபிரகாம் பண்டிதர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர், 1859-இல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்திலேயே வயலின் கற்றுக்கொண்டார். 1882-இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். இருவரும் ஆசிரியர்களாகத் தஞ்சாவூருக்கு வந்தார்கள். பிறகு அவர் பள்ளி வேலையை விட்டுச் சித்த மருத்துவத்தில் இறங்கினார். மாதச் சம்பளத்தை விடுவது என்பது வீட்டில் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. பொன்னம்மாள் அந்த மருத்துவத்திலும் துணையாக நின்றார். மருத்துவம் தழைத்தது, பெயர் பரவியது. அந்தச் சம்பாத்தியத்தில்தான் இசை ஆராய்ச்சி நடந்தது. 1912-இல் தஞ்சையில் தம் சொந்தச் செலவிலேயே இசை மாநாடு கூட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போனபோது தம் வீட்டுப் பெண்களையே பாடவும் வீணை மீட்டவும் வைத்துத் தம் கருத்தை விளக்கினார். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெரிய நூல், ஆயிரம் பக்கத்துக்கும் மேல், அச்சாகி வந்தது. தமிழிசையைப் பற்றிப் பேசுகிற எவரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

பொன்னம்மாள் 1911-இல் இறந்துவிட்டார். மாநாட்டையும் பார்க்கவில்லை, நூலையும் பார்க்கவில்லை. நூலின் அட்டையில் இருப்பது அவர் கணவரின் பெயர். மணமான நாளில் இருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 29 ஆண்டுகள் அவர் பக்கத்தில் நின்றார். அந்த ஆண்டுகள் இல்லாமல் அந்த ஆயிரம் பக்கங்கள் எப்படி வந்திருக்கும்?

கிறிஸ்துமஸ் நெருங்குவதால் இன்னொரு வீட்டையும் சொல்லிவிடுகிறோம். 'சைலண்ட் நைட்' பாடல் முதன்முதலில் 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24 இரவு, ஆஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ஃப் என்ற சிற்றூர்க் கோயிலில், கிட்டாரின் துணையோடு பாடப்பட்டது. கிட்டார் வாசித்த இளம் குரு யோசேப் மோர். அன்றுதான் பாட்டைக் கொடுத்து, இதற்கு இசை அமைத்துத் தாருங்கள் என்று பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் க்ரூபரிடம் கேட்டிருக்கிறார். க்ரூபர் குடும்பஸ்தர். கிறிஸ்துமஸ் முந்தின நாள் ஒரு சாமியார் வந்து, இன்றைக்கே வேண்டும் என்று கேட்டால் எந்த வீடு எப்படி இருக்கும் என்று நமக்கு இப்போது தெரிகிறது. நம் கிறிஸ்துமஸ் நாடகங்களில் கோயிலைக் காட்டுகிறோம். க்ரூபரின் வீட்டைக் காட்டியதில்லை.

இதுவரை கணவர் வாசிக்கிறார், மனைவி பொறுக்கிறார் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அதிலேயே ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. நம் மறைக்கல்வி வகுப்பில் கிட்டாரும் கீபோர்டும் கற்றுக்கொள்கிறவர்களில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். கல்யாணம் ஆனபின் அவர்களில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள்? உங்கள் பங்கில் எண்ணிப் பாருங்கள். நாம் எண்ணினோம், விரல்களே மிச்சம் இருந்தன. யாரும் அவர்களைத் தடுத்ததாகச் சொல்ல மாட்டார்கள். "நேரம் இல்லீங்க சாமி" என்பார்கள். கணவருக்கு மட்டும் அந்த நேரம் எங்கிருந்து கிடைத்தது? மனைவியின் பொறுமையைப் புகழ்ந்து பேசி, கணவரின் கிட்டாருக்கு வழி விடச் சொல்வதற்காக இன்று நாம் பேச வரவில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்கு அரை மணி நேரம் உண்டென்றால் மற்றவருக்கும் ஓர் அரை மணி நேரம் இருக்க வேண்டும். அவர் அதில் பாடலாம், தூங்கலாம், சும்மா இருக்கலாம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற மடலில், குடும்பத்துக்கு மூன்று சொற்கள் வேண்டும் என்று நினைவூட்டினார். அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. நம் கொங்கு நாட்டில் பச்சைக் குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். ஆனால் கட்டிய மனைவியிடம் "நான் வாசிக்கட்டுங்களா?" என்று கேட்க நாக்கு வராது. தந்தியை முறுக்கினால் அறும், தளர்த்தினால் ஒலிக்காது என்ற உவமையை இங்கே எதிர்பார்த்திருப்பீர்கள். அதை நிறையக் கேட்டாகிவிட்டது, விட்டுவிடுவோம்.

அந்தக் கணவன் மனைவிக்கு வருவோம். அடுத்த வாரம் இருவரையும் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு உட்கார வைத்தோம். முதலில் நாம் அந்த அம்மணியிடம் மன்னிப்புக் கேட்டோம், 19 வட்டங்களுக்காக. அவர் சங்கடப்பட்டு எழுந்து நின்றுவிட்டார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே, "சீட்டுப் பணத்தை நான் சொல்லாம எடுத்தது தப்புதானுங்க சாமி," என்றார். "என்கிட்டச் சொல்லாதீங்க, அவங்ககிட்டச் சொல்லுங்க," என்றோம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சொன்னார். நாம் வெளியே போய் நின்றுகொண்டோம்.

கிட்டாரை விற்கிறேன் என்று அவர் சொல்ல, வேண்டாம் என்று மனைவிதான் தடுத்தார். மாதம் 1,000 ரூபாயாக அந்தப் பணத்தைத் திருப்பிச் சீட்டில் போடுவது என்று முடிவாயிற்று. சாயங்காலம் ஏழு மணி முதல் எட்டரை வரை பிள்ளைகள் படிக்கிற நேரம், அப்போது கிட்டார் உறைக்குள் இருக்கும். அதன் பிறகு அரை மணி நேரம் அவருக்கு. செல்போனில் கிட்டார் வீடியோ பார்ப்பதும் அந்த அரை மணிக்குள்தான் அடங்க வேண்டும் என்று அம்மணி சேர்த்துக்கொண்டார். நியாயம்தான். பார்ப்பது வாசிப்பதாகிவிடாது. தினமும் அரை மணி வாசிக்கிறவரின் விரல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் வாசிக்கிறவரின் விரலைவிட நன்றாகப் பழகும் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டோம். ஏதாவது பெரிதாகக் கேட்பார் என்று நினைத்தோம். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கணுமுங்க சாமி," என்றார். அவ்வளவுதான். இப்போது ஞாயிறு மதியம் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயில் மைதானத்துக்கு வந்துவிடுகிறார். சில நாள் கிட்டாரும் வருகிறது. மூத்த பெண்ணுக்கு மூன்று கார்டு வந்துவிட்டது. விரல் நுனி வலிக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆயுத பூசை சமயம் பட்டறையில் ஓவர்டைம் வந்தது, ஒரு மாதம் எல்லாம் குழம்பிற்று. மறுபடியும் நாட்காட்டியில் இரண்டு வட்டம் விழுந்திருப்பதாகக் கேள்வி.

நம் பக்கமும் ஒரு மாற்றம். இந்தத் திருவருகைக் காலத்தில் நம் பங்கில் பாடல் பயிற்சி செவ்வாயும் சனியும் மட்டும்தான். எட்டு மணிக்கு மண்டபத்தின் விளக்கை அணைத்துவிடச் சொல்லி உபதேசியாரிடம் சொல்லியாகிவிட்டது. பாடகர்கள் பட்டியலை இறுதி செய்யும் முன்பு அவரவர் வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம். கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் குடும்பத்தோடு வர வேண்டும். பாடாதவர்களும் வரலாம். தேநீரும் வடையும் உண்டு.

அந்த அம்மணி அன்று போகும்போது இன்னொன்றும் கேட்டார், நம்மிடம் அல்ல, கணவரிடம். போத்தனூர்க் கல்யாண வீட்டில் வாசித்தாரே, அந்தப் பாட்டை வீட்டில் ஒரு நாள் வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்கு அது என்ன பாட்டு என்று மறந்துவிட்டது. மனைவிக்கு மெட்டு நினைவிருக்கிறது, பாட்டின் பெயர் தெரியாது. அவர் முனகிக் காட்ட, இவர் தந்தியில் தேடிக்கொண்டிருக்கிறாராம். இன்னும் கிடைக்கவில்லை.